எங்கள் கடவுளா, நம் கடவுளா? யூத ஜெபங்களைப் புதிதாகக் கற்பவருக்கு

யூதராக மாற வேண்டும் என்று ஒருவர் யூத மதகுருவான ரப்பியின் வாசலில் போய் நின்றால் வரவேற்பு பலமாக இருக்காது. "எதற்கு மாற வேண்டும்? இருக்கிறபடியே நல்ல மனிதராக இருங்களேன்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். பழைய வழக்கப்படி மூன்று முறை திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு ஆதாரமாகக் காட்டுவது பைபிளில் வரும் ரூத்தின் கதையை. கணவனை இழந்த, யூதரல்லாத மோவாபியப் பெண் ரூத், மாமியார் நகோமியின் பின்னாலேயே பெத்லகேமுக்குக் கிளம்புகிறாள். நகோமி மூன்று முறை "திரும்பிப் போ" என்கிறாள். ரூத் போகவில்லை. இன்றைக்கு எல்லா ரப்பிகளும் விரல்விட்டு மூன்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. மின்னஞ்சலுக்குப் பல வாரம் பதில் போடாமல் இருப்பதுகூட அந்த மூன்று முறையின் இன்றைய வடிவமாக இருக்கலாம்.

இது அலட்சியம் இல்லை. யூத மதத்தின் கணக்கில், வெளியில் இருப்பவர் கடவுளுக்கு வேண்டியவராக இருக்க யூதராகித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. நோவாவின் பிள்ளைகளான மனிதர் எல்லோருக்கும் பொதுவாக 7 கட்டளைகள் உண்டு. சிலை வழிபாடு கூடாது, கொலை கூடாது, திருட்டு கூடாது, நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்பது போன்றவை. அவற்றைக் கடைப்பிடித்தால் போதும். யூதருக்கோ கட்டளைகள் 613. ஏழோடு நிம்மதியாக இருப்பவரை எதற்கு 613-க்குள் இழுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

மாற வருபவரை எப்படி விசாரிக்க வேண்டும் என்று, யூதச் சட்டமும் அதன் விவாதங்களும் அடங்கிய பழைய நூலான தல்மூதில் ஒரு பகுதி இருக்கிறது. "இந்தக் காலத்தில் இஸ்ரவேலர் ஒடுக்கப்பட்டு, அலைக்கழிக்கப்பட்டு, துன்பத்தில் கிடப்பது உனக்குத் தெரியாதா?" என்று கேட்க வேண்டும். "தெரியும், அதற்கும் நான் தகுதியில்லாதவன்" என்று அவர் சொன்னால் உடனே ஏற்றுக்கொண்டு, எளிய கட்டளைகளில் சிலவும் கடினமானவற்றில் சிலவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் "கடவுளை நம்புகிறாயா?" என்று கேட்கவில்லை, பாருங்கள். "இந்த மக்களின் கஷ்டத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறாயா?" என்பதுதான் கேள்வி. ரூத் நகோமியிடம் சொன்னதும் அதே வரிசையில்தான் இருக்கிறது. "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்பது முதலில். "உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" அடுத்துத்தான்.

ஆக, யூத மதத்துக்கு மாறுவது ஒரு கொள்கையை ஒப்புக்கொள்வதோடு முடிவதில்லை. ஒரு குடும்பத்துக்குள் வாழப்போவதைப் போன்றது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஜெபப் புத்தகத்தைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

ஒரு விகுதியின் கனம்

யூத ஜெபங்களில் "என்" குறைவு. "எங்கள்", "நம்" என்பதுதான் எங்கும். எபிரேயத்தில் அதற்கு "நு" என்று ஒரு விகுதி. எலோஹேனு என்றால் நம் கடவுள், எங்கள் கடவுள் இரண்டும்தான். எபிரேயத்துக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தமிழுக்குத் தெரியும். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், அவரை விட்டுவிட்டால் நாங்கள். அதனால் யூத ஜெபத்தைத் தமிழில் யோசித்துப் பார்க்கிறவருக்கு, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது சட்டென்று பிடிபடும்.

யூதர்களின் ஆதார வாக்கியமான ஷெமாவை எடுத்துக்கொள்ளுங்கள். "ஷெமா யிஸ்ராஏல், அதோனாய் எலோஹேனு, அதோனாய் எஹாத்." தமிழ் பைபிளில் உபாகமம் 6:4 இதை "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்று தருகிறது. நம்முடைய என்பதுதான் சரி, ஏனென்றால் இது கடவுளைப் பார்த்துச் சொல்வதல்ல. ஒரு யூதர் இன்னொரு யூதரைப் பார்த்து, "நம்மவரே, கேளுங்கள்" என்று சொல்வது. ஆனால் சாப்பிடும் முன்னும் விளக்கேற்றும்போதும் சொல்கிற ஆசிகள் "பாரூக் அத்தா" என்று, அதாவது "நீர் போற்றப்படுவீராக" என்று கடவுளிடம் பேசுகின்றன. அங்கே எலோஹேனு என்றால் "எங்கள் கடவுளே".

இரண்டிலும் புதிதாகக் கற்பவர் எங்கே நிற்கிறார்? அந்த நம்மவரில் அவர் இன்னும் சேர்ந்தாகவில்லை. அந்த எங்களிலும் இல்லை. ஆனால் சொல்லிப் பழகாமல் சேரவும் முடியாது. மாறுவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருடம் முழுக்க இந்தச் சங்கடத்தோடுதான் கழியும். இதைப் பற்றிச் சொல்லாமல் வெறும் உச்சரிப்பை மட்டும் சொல்லித்தரும் காணொளிகள் எனக்கு அரைகுறையாகத்தான் படுகின்றன.

முதலில் ஆமேன்

நல்ல செய்தி ஒன்று: புதியவர் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய சொல் ஒன்று இருக்கிறது. ஆமேன். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது வீட்டுச் சொல். யூத வழக்கத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. பொதுவாகத் தான் சொன்ன ஆசிக்குத் தானே ஆமேன் போடுவதில்லை, பக்கத்தில் இருப்பவர் சொன்னதற்குத்தான் போடுவது. யாரோ அப்பத்தின் மேல் ஆசி சொல்கிறார், நீங்கள் ஆமேன் என்கிறீர்கள், ஒரு துண்டு வாங்கிச் சாப்பிடுகிறீர்கள். வெளியாளாக இருந்துகொண்டே முழு மனதோடு செய்யக்கூடிய காரியம் இது. முதல் மாதம் இது மட்டும் போதும் என்றுகூடச் சொல்வேன்.

அடுத்து எழுத்து. எபிரேயத்தில் 22 எழுத்துகள், அடிப்படையில் எல்லாம் மெய். வலமிருந்து இடமாக எழுதுவது. உயிர் ஒலிகளைக் காட்ட எழுத்துக்குக் கீழும் மேலும் புள்ளியும் சிறு கோடும் இடுவார்கள். உயிர்மெய்யில் வளர்ந்த நமக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது. ஆனால் யூத ஜெபக்கூடமான சினகாக்கில் வாசிக்கும் தோரா சுருளில், அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களின் சுருளில், இந்தப் புள்ளிகள் கிடையாது. பழைய ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் எழுதியதை இடம் பார்த்துப் படித்தது போலத்தான் அங்கேயும் படிக்க வேண்டும். ஜெபப் புத்தகமான சித்தூரில் புள்ளி உண்டு, பயப்பட வேண்டாம்.

ஆங்கில எழுத்தில் அச்சடித்த ஜெபத்தாளை நம்பிப் பழகாதீர்கள். வெள்ளிக்கிழமை ரொட்டியான ஹல்லாவை ஆங்கில எழுத்தைப் பார்த்து "சல்லா" என்று படிக்காத புதியவர் அபூர்வம். அந்த ஒலி தொண்டையில் உரசி வருவது. "அஃது" என்பதில் ஆய்தத்தைச் சற்று அழுத்திச் சொன்னால் அதன் பக்கத்தில் போய்விடலாம்.

கடவுளின் பெயர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். நான்கெழுத்துள்ள அந்தப் பெயரை யூதர்கள் உச்சரிப்பதே இல்லை. ஜெபத்தில் அந்த இடம் வரும்போது அதோனாய் என்பார்கள், "என் ஆண்டவர்" என்று பொருள். சாதாரணப் பேச்சில் அதையும் சொல்லாமல் ஹஷேம் என்பார்கள், அதாவது "அந்தப் பெயர்". வெறுமனே பாடம் பண்ணும்போது பலர் ஹஷேம் என்றே சொல்லிப் பழகுவார்கள். எபிரேயத்தில் அந்தப் பெயர் எழுதிய தாளைக் குப்பையிலும் போடக் கூடாது. தனியே சேர்த்து வைத்துப் புதைப்பார்கள். சேர்த்து வைக்கும் இடத்துக்கு கெனிஸா என்று பெயர். கெய்ரோவின் பழைய சினகாக் ஒன்றின் கெனிஸாவிலிருந்து லட்சக்கணக்கான ஏட்டுத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று நம் விஷயத்துக்கு நேரடியாகவே வேண்டியது. தென் இத்தாலியின் ஒப்பிதோ என்ற ஊரில் பிறந்த யொஹானஸ் என்ற நார்மன் கிறிஸ்தவர் 1102-இல் யூதராக மாறி ஒபதியா என்று பெயர் வைத்துக்கொண்டார். எபிரேயப் பாடல்களுக்கு, தேவாலயத்தில் தான் கற்ற இசைக் குறிகளைக் கொண்டு மெட்டு எழுதி வைத்தார். இன்று கிடைக்கும் எபிரேய இசைக் குறிப்புகளில் மிகப் பழையது அவர் எழுதியதுதான். பரம்பரை யூதர்களுக்கு மெட்டு காதிலேயே இருந்தது, எழுத வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவர்தான் எழுதி வைத்தார். புதிய மெட்டைக் கைபேசியில் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கு இவரை முன்னோடி என்று சொல்லலாம்.

ஒரு நாள் எப்படி ஓடுகிறது

கண் விழித்ததும் படுக்கையிலேயே சொல்வது மோதே அனீ. பெண் சொன்னால் மோதா அனீ. உயிரைத் திருப்பித் தந்ததற்கு நன்றி என்ற ஒரே வாக்கியம். அதில் கடவுளின் பெயர் வராது, அதனால் கை கழுவும் முன்பே சொல்லலாம். அப்புறம் இரண்டு கைப்பிடி வைத்த குவளையில் தண்ணீர் எடுத்து, வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றி மூன்று முறை ஊற்றுவது. கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும் ஓர் ஆசி உண்டு. உடலில் துளைகளையும் குழாய்களையும் படைத்தவரே, இவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் திறந்துகொண்டாலும் பிழைத்திருக்க முடியாது என்று போகும். முதலில் சிரிப்பு வரும். ஒரு முறை சிறுநீரகக் கல் வந்தவருக்குச் சிரிப்பு வராது.

தினமும் மூன்று வேளை வழிபாடு. காலையில் ஷஹரித், பிற்பகலில் மின்ஹா, இரவில் மஆரீவ். மூன்றுக்கும் நடுநாயகம் அமிதா என்ற நின்றபடி சொல்லும் ஜெபம். முதலில் 18 ஆசிகளாக இருந்து 19 ஆனது. பெயர் மட்டும் இன்னும் "பதினெட்டு" என்றே வழங்குகிறது. எருசலேம் பக்கம் திரும்பி, கால்களை ஒட்டி வைத்து, மூன்று அடி முன்னால் வந்து, உதடு மட்டும் அசையச் சொல்ல வேண்டும். குழந்தை வேண்டி ஆலயத்தில் நின்ற அன்னாளின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை, ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார் என்று வருமே, அந்தக் காட்சிதான் இதற்கு முன்மாதிரி.

பழகியவர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். புதியவர் இரண்டாம் ஆசியில் இருக்கும்போது பக்கத்திலிருப்பவர் முடித்துவிட்டு மூன்று அடி பின்னால் போயிருப்பார். அவசரப்படாதீர்கள். எபிரேயத்தில் முதல் ஆசி, மீதி மொழிபெயர்ப்பில் என்று ஆரம்பிப்பதில் தப்பில்லை. சில ஜெபங்களைச் சொல்ல பத்துப் பேர் வேண்டும், அந்தக் குழுவுக்கு மின்யான் என்று பெயர். மரபை இறுகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் பத்தும் ஆண்கள், மற்றப் பிரிவுகள் பெண்களையும் எண்ணும். மாறும் வரை உங்களை எந்தப் பிரிவும் எண்ணாது. ஒன்பது பேர் இருக்கும் அறைக்குள் நீங்கள் நுழையும்போது எல்லோர் முகமும் மலர்ந்து, விஷயம் தெரிந்ததும் வாடும். அது ஒரு நாளாவது நடக்கும், தயாராக இருங்கள்.

சாப்பாட்டு ஆசிகளுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இது. எதைத் தின்றாலும் குடித்தாலும் முன்னால் ஓர் ஆசி, பொருளுக்கு ஏற்ப மாறும். மாம்பழத்துக்கு "மரத்தின் கனியைப் படைத்தவர்". வாழைப்பழத்துக்கு? "நிலத்தின் கனியைப் படைத்தவர்" என்று சொல்ல வேண்டும். வாழை குலை தள்ளியதும் அந்தத் தண்டு சாய்ந்துவிடுகிறது, அடுத்தது கிழங்கிலிருந்து புதிதாக வருகிறது. நிலைத்து நிற்கும் கிளை இல்லாததால் அது மரமே இல்லை என்று ரப்பிகள் தீர்மானித்தார்கள். வாழைத்தோட்டம் பார்த்தவருக்கு இதில் மறுப்பு இருக்காது. சோற்றுக்கு இன்னும் வேடிக்கை. முன்னால் சொல்லும் ஆசி கோதுமைப் பலகாரங்களுக்கு உரிய ஆசியேதான், ஏனென்றால் வயிறு நிறைக்கும். சாப்பிட்ட பின் சொல்வது மட்டும் கோதுமைக்கு உரியது இல்லை, சாதாரணப் பண்டங்களுக்கு உரியது, ஏனென்றால் அரிசி தோராவில் சிறப்பித்துச் சொன்ன தானியங்களில் இல்லை. வாயில் போடும் முன் "இது என்ன, எங்கே விளைந்தது?" என்று நிதானிக்க வைப்பதுதான் இதன் வேலை. நாளுக்கு நூறு ஆசி சொல்ல வேண்டும் என்று தல்மூதில் ஒரு கணக்கும் இருக்கிறது.

இந்த ஆசிகளில் இரண்டு வகை உண்டு என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பழத்துக்கும் அப்பத்துக்கும் சொல்வது வெறும் நன்றி. யார் வேண்டுமானாலும் மனதாரச் சொல்லலாம். ஆனால் விளக்கேற்றுவது, கை கழுவுவது போன்றவற்றுக்குச் சொல்லும் ஆசியில் "தம் கட்டளைகளால் எங்களைப் புனிதமாக்கி, இதைச் செய்ய எங்களுக்குக் கட்டளையிட்டவரே" என்று வரும். கற்பவருக்கு இன்னும் கட்டளையே இல்லையே? சில ரப்பிகள் முழுதாகச் சொல்லிப் பழகுங்கள் என்பார்கள். சிலர் கடவுளின் பெயரை விட்டுவிட்டுச் சொல்லச் சொல்வார்கள். சிலர் இந்த வகையை மட்டும் தள்ளிப்போடச் சொல்வார்கள். உங்கள் ரப்பியைக் கேட்பதுதான் வழி. இணையத்தைக் கேட்டால் மூன்று பதிலும் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

ஷப்பாத் என்ற வாராந்திர ஓய்வுநாள் தொடங்கப்போகிறது. சூரியன் மறைய இன்னும் 18 நிமிடம், விளக்கேற்றும் வேளை. எருசலேமில் வழக்கம் 40 நிமிடம் முன்பே. மேசையில் வெள்ளைத் துணி, துணி மூடிய இரண்டு ஹல்லா ரொட்டி, இரண்டு மெழுகுவத்தி. வீட்டுப் பெண் தீக்குச்சியைக் கிழித்து இரண்டையும் ஏற்றுகிறார். குச்சியை ஊதி அணைக்கவில்லை, தட்டில் வைக்கிறார், அது தானாக எரிந்து அணைகிறது. இரண்டு கைகளாலும் சுடருக்கு மேலிருந்து தன் பக்கமாக மூன்று முறை அள்ளுகிறார். பிறகு கண்களை மூடிக்கொள்கிறார். மூடிய கைகளுக்குப் பின்னால் ஆசியைச் சொல்கிறார். அப்படியே கொஞ்ச நேரம் நிற்கிறார், பிள்ளைகளுக்காக என்னவோ வேண்டிக்கொள்கிறார். கையை எடுக்கிறார். "ஷப்பாத் ஷாலோம்."

எதற்குக் கண்ணை மூட வேண்டும்? பக்தி என்று நினைத்தால் பாதிதான் சரி. பொதுவிதி, ஆசியை முதலில் சொல்லிவிட்டுத்தான் காரியத்தைச் செய்ய வேண்டும். ஆனால் இங்கே ஆசியைச் சொன்னால் ஷப்பாத் ஓய்வுநாள் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. தொடங்கிவிட்டால் நெருப்பு ஏற்றக் கூடாது. அதனால் முதலில் ஏற்றிவிட்டு, கண்ணை மூடி அந்த வெளிச்சத்தைப் பார்க்காததுபோல் வைத்துக்கொண்டு, ஆசி சொல்லி, பிறகு கண் திறந்து அப்போதுதான் அதை அனுபவிக்கத் தொடங்குகிறார்கள். இது ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதரின் வழக்கம். ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழிவந்த செபார்திகளில் பலர் ஆசி சொல்லிவிட்டே ஏற்றுவார்கள். முன்பின் மாறும் இந்த ஆசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் வரும்.

ஷப்பாத்தில் 39 வகை வேலைகள் கூடாது. எழுதுவது, நெருப்பு மூட்டுவது, சமைப்பது, பொது இடத்தில் சுமப்பது எல்லாம் அதில் அடக்கம். மாறப்போகிறவர் இதையெல்லாம் பழக வேண்டும், ஆனால் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் ஒரு விசித்திரமான நிபந்தனை உண்டு. முழுமையாகக் கடைப்பிடிக்கக் கூடாது! ஷப்பாத் கடவுளுக்கும் இஸ்ரவேலுக்கும் நடுவில் உள்ள அடையாளம், அதை வெளியாள் முழுதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது தல்மூதின் நிலை. அதனால் ரப்பிகள் கற்பவரிடம், எல்லாவற்றையும் கடைப்பிடியுங்கள், ஆனால் தனியாக இருக்கும்போது வேண்டுமென்றே ஒரு விளக்கைப் போடுங்கள் அல்லது ஒரு வரி எழுதுங்கள் என்பார்கள். 25 மணி நேர ஷப்பாத்தில் மற்ற எல்லாவற்றிலும் கவனமாக இருந்து, வெள்ளிக்கிழமை இரவு படுக்கும் முன் மட்டும் குளியலறையில் நின்று ஒரு விளக்கு சுவிட்சைத் தட்டும் மனிதரை நினைத்துப் பாருங்கள். "நான் இன்னும் நாம் ஆகவில்லை" என்பதை விரலால் எழுதிக் காட்டுவது போல இருக்கிறது அது.

சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஹவ்தாலாவோடு முடிப்பார்கள். திராட்சை ரசம், பல திரி பின்னிய மெழுகுவத்தி, முகர்ந்து பார்க்க வாசனைப் பொருள். கிராம்பும் பட்டையும்தான் பெரும்பாலும், நம் அஞ்சறைப்பெட்டியே போதும்.

தனியாகக் கற்க முடியுமா?

கற்கலாம், மாற முடியாது. தென் இத்தாலியில் சான் நிகாந்த்ரோ என்ற ஊரில் தோனாத்தோ மந்துசியோ என்றொருவர் இருந்தார். முதல் உலகப் போரில் காயம்பட்டு வந்தவர். 1930 வாக்கில் அவர் கையில் ஒரு பைபிள் கிடைக்கிறது. படித்துவிட்டு, மோசேயின் சட்டம்தான் சரி என்று தீர்மானித்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு ஷப்பாத் கடைப்பிடிக்க ஆரம்பிக்கிறார். உலகத்தில் யூதர்களே மிச்சமில்லை, தாங்கள்தான் மறுபடி தொடங்கிவைக்கிறோம் என்று நினைத்திருந்தார்கள்! ஊருக்கு வந்த ஒரு வியாபாரி சொல்லித்தான் நகரங்களில் யூதர்கள் இருப்பது தெரிந்தது. ரோமுக்கு எழுதினார்கள். நம்ப வைக்கவே பாடாயிற்று. கடைசியில் 1946-இல் முறைப்படி மாறினார்கள். மந்துசியோ 1948-இல் இறந்தார். அவருடைய ஆட்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பதினைந்து வருடம் மனப்பூர்வமாகக் கடைப்பிடித்தவர்களுக்கும், ஏற்கெனவே "நாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் வந்து கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஊரில் இருக்கும் சினகாக் ஒன்றை அணுகுவதுதான் தொடக்கம். சொல்லாமல் போய் நிற்காதீர்கள், பாதுகாப்புச் சோதனை கடுமையாக இருக்கும். முன்கூட்டியே எழுதிவிட்டுப் போங்கள். ஆர்த்தடாக்ஸ் சினகாக் என்றால் ஷப்பாத்தில் கைபேசியை வெளியே எடுக்கக் கூடாது. ஆண்கள் தலையில் கிப்பா என்ற சிறு தொப்பி, வாசலிலேயே வைத்திருப்பார்கள். எந்தப் பிரிவில் மாறுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. விதிகளில் நெகிழ்வுள்ள ரிஃபார்ம், நடுவழியான கன்சர்வேடிவ் பிரிவுகளில் மாறியவரை ஆர்த்தடாக்ஸ் பிரிவு யூதராக ஏற்பதில்லை. இஸ்ரேலில் யூதர்களின் திருமணப் பதிவு ஆர்த்தடாக்ஸ் தலைமை ரப்பியகத்தின் கையில் இருக்கிறது. குடியுரிமைக்கு மட்டும் வேறு கணக்கு. இஸ்ரேலுக்குள்ளேயே ரிஃபார்ம், கன்சர்வேடிவ் முறையில் மாறியவர்களும், யூதருக்குக் குடியேறும் உரிமை தரும் திரும்புதல் சட்டத்தின்படி குடியுரிமை பெறலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இன்னொன்று, இயேசுவை மேசியாவாக ஏற்கும் "மெசியானிக்" குழுக்களை யூத மதத்தின் எந்தப் பெரிய பிரிவும் யூதமாகக் கருதுவதில்லை. இணையத்தில் எபிரேய ஜெபம் கற்றுத்தருபவர்களில் அவர்களும் நிறைய உண்டு என்பதால் சொல்கிறேன்.

உங்கள் முன்னோர், எங்கள் முன்னோர்

மறுபடி அந்த "நு". அமிதாவின் முதல் வரி: "எங்கள் கடவுளே, எங்கள் முன்னோரின் கடவுளே, ஆபிரகாமின் கடவுளே, ஈசாக்கின் கடவுளே, யாக்கோபின் கடவுளே." மாறி முடித்தவர்கூட இதைச் சொல்லலாமா? அவருடைய தாத்தா ஆபிரகாம் வழியில் வந்தவர் இல்லையே?

கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கூடாது என்கிறது. மாறியவர் தனியே ஜெபித்தால் "இஸ்ரவேலின் முன்னோரின் கடவுளே" என்று சொல்ல வேண்டும். சினகாக்கில் மற்றவர்களோடு நின்றால் "உங்கள் முன்னோரின் கடவுளே" என்று சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லோரும் "எங்கள்" என்று முணுமுணுக்க, ஒருவர் மட்டும் நாளுக்கு மூன்று வேளை "உங்கள், உங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பது.

இரண்டு தல்மூதுகளில் ஒன்றான எருசலேம் தல்மூதில் ரப்பி யெகூதா இதை மறுத்துவிட்டார். ஆபிரகாமைத் திரளான ஜாதிகளுக்குத் தகப்பன் என்று கடவுளே சொல்லியிருக்கிறார், அதனால் மாறியவருக்கும் அவர் தகப்பன்தான் என்பது அவர் வாதம். ஆனாலும் சந்தேகம் ஓயவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிதேஸுக்கு ஒருவர் கடிதம் எழுதினார். அவரும் மாறியவர், அவர் பெயரும் ஒபதியா. கடவுளின் ஊழியன் என்று பொருள், மாறியவர்கள் விரும்பி வைத்துக்கொண்ட பெயர். இசைக்குறி எழுதிய ஒபதியா வேறு, இவர் வேறு. "எங்கள் முன்னோரின் கடவுளே என்று நான் சொல்லலாமா?" என்பது கேள்வி.

மைமோனிதேஸின் பதில், சுருக்கமாக: எல்லாவற்றையும் உள்ளபடியே சொல்லுங்கள், ஒன்றையும் மாற்ற வேண்டாம். தலைமுறைகளின் முடிவுவரை யார் மாறி வந்தாலும் அவர் ஆபிரகாமின் மாணவர், அவர் வீட்டைச் சேர்ந்தவர். எகிப்திலிருந்து எங்களை விடுவித்தவர் என்ற இடத்தில் மட்டும், விரும்பினால் "இஸ்ரவேலை விடுவித்தவர்" என்று மாற்றிக்கொள்ளலாம், மாற்றாவிட்டாலும் குற்றமில்லை. உங்கள் வம்சத்தை நீங்களே குறைவாக நினைக்காதீர்கள், நாங்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு வழியில் வந்தவர்கள் என்றால் நீங்கள் உலகத்தைச் சொல்லால் உண்டாக்கினவரின் வழியில் வந்தவர். இன்று மாறியவர்கள் "எங்கள் முன்னோர்" என்று சொல்வதற்குப் பின்னால் இந்தக் கடிதம் நிற்கிறது.

தண்ணீருக்குள்

கற்று முடிந்தது என்று ரப்பிக்குத் தோன்றும்போது மூவர் அடங்கிய பேத் தீன் என்ற மன்றத்தின் முன் அழைத்துப்போவார். ஒரு வருடச் சுழற்சியாவது முழுதாகப் பார்த்திருந்தால்தான் எல்லாப் பண்டிகையும் ஒரு முறை கையில் பட்டிருக்கும், அதனால் பொதுவாக ஒரு வருடத்துக்குக் குறைவாக முடியாது, பலருக்கு அதைவிட அதிகம். ஆண்களுக்கு விருத்தசேதனம், அதாவது சுன்னத்து. ஏற்கெனவே செய்திருந்தால் அடையாளமாக ஒரு துளி இரத்தம் மட்டும். ரிஃபார்ம் ரப்பிகள் எல்லோரும் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை. மூவரும் கேட்பது நீங்கள் நினைக்கும் தேர்வுக் கேள்விகளாக இருக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது, எந்த ஆசியைச் சொல்லச் சிரமப்படுகிறீர்கள் என்பது போலக் கேட்பார்கள்.

கடைசியாக மிக்வே. மழைநீரோ ஊற்றுநீரோ இயற்கையாகச் சேர்ந்த தொட்டி. 40 சேயா கொள்ளளவு, ஏறக்குறைய 750 லிட்டர். கடலும் ஆகும். உடலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. மோதிரம், கம்மல், நகப்பூச்சு, ஒட்டுப் பிளாஸ்திரி எல்லாம் கழற்றி, தலைமுடியைச் சிக்கெடுத்து, முதலில் வேறாகக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பெண் என்றால் ஒரு பெண் உதவியாளர் உடன் நிற்பார், ரப்பிகள் கதவுக்கு வெளியே காது கொடுத்திருப்பார்கள்.

ஆசியை முதலில் சொல்லிவிட்டுக் காரியத்தைச் செய்வது பொதுவிதி என்றேன் அல்லவா? இங்கே மாறுகிறது. படியிறங்கும்போது அவர் இன்னும் வெளியாள். "எங்களுக்குக் கட்டளையிட்டவரே" என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அதனால் ஒன்றும் சொல்லாமல் முழுகுகிறார். ஒரு மயிர்க்கால்கூட வெளியே தெரியக் கூடாது. எழுந்து, தண்ணீர் கழுத்தளவு இருக்க, மூச்சு வாங்கிக்கொண்டே தொடங்குகிறார்: "பாரூக் அத்தா அதோனாய் எலோஹேனு..." வெளியே நிற்பவர்கள் ஆமேன் என்கிறார்கள். மறுபடி முழுகுகிறார். உடை மாற்றி, தலை ஈரம் காயாமல் வந்து நிற்பவருக்குப் புதுப் பெயரைச் சொல்லி ஆசி கூறுகிறார்கள். ஆண் என்றால் இன்னார் பென் ஆவ்ராஹாம் ஆவீனு, பெண் என்றால் இன்னார் பத் ஆவ்ராஹாம் ஆவீனு. நம் தந்தை ஆபிரகாமின் மகன், நம் தந்தை ஆபிரகாமின் மகள்.